இரண்டாம் சனி, பத்து மணி

அக்கா,

ஆதிராவின் பிறப்புச் சான்றிதழைத் தேடி இன்று காலை உன் கோர்ட்டுப் பையைத் திறந்தேன். பஸ்ஸில் வாந்தி வராமலிருக்க அவளுக்கு நீ வாங்கி வைத்திருந்த, ஆரஞ்சுச் சுளை மாதிரியான நாரங்கா மிட்டாய் உருகிக் காகிதங்களில் ஒட்டிக் கிடந்தது. பை முழுக்க அந்த வாசனை. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அந்த நோட்டீஸ். நீ இறந்து நாற்பது நாள் கழிந்து உன் பெயருக்கு வந்தது.

பிள்ளையைத் தகப்பனுக்குக் காட்டச் சொன்ன உத்தரவை நீ இரண்டு முறை மீறினாயாம். ஏன் உன்மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். முதல் முறை நீ ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு வைத்த குழாயோடு கிடந்தாய். இரண்டாம் முறை மண்ணுக்குள் இருந்தாய்.

"ஆளு இல்லேன்னு எழுதித் திருப்பி அனுப்பிரட்டா?" என்று தபால்காரர் கேட்டார். "வேண்டாம், குடுங்க. நான் போறேன்" என்றேன்.

உன் புருஷன் மூன்றாவது முறை கை ஓங்கிய அன்று, நாலு வயது ஆதிராவை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ அதியன்னூரிலிருந்து வெள்ளறடைக்கு, நம் வீட்டுக்கு வந்தாய். கோர்ட்டு இரண்டு காரியம் சொன்னது. பிள்ளையின் செலவுக்கு அவன் மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டும். இரண்டாம் சனிக்கிழமைதோறும் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை, கோர்ட்டில் குழந்தைகளுக்கென்று இருக்கும் அறையில் நீ அவளை அவனுக்குக் காட்ட வேண்டும். பணத்தை அவன் ஆறாம் மாதமே நிறுத்தினான். பிள்ளையைப் பார்க்க வந்தது அதற்கும் முன்னால் மூன்றோ நாலோ தடவை. நீ மட்டும் நாலு வருஷம், இரண்டு பஸ் மாறி, ஒரு சனிக்கிழமையும் தவறாமல் போனாய்.

ஒருமுறை நானும் உன்னோடு வந்திருந்தேன். ஒரு கால் ஒடிந்த பிளாஸ்டிக் குதிரையும் நாலு நாற்காலியுமாக அந்த அறை. ஆதிரா தரையில் உட்கார்ந்து படம் வரைந்தாள். வெளியே பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீ அவள் தலைமுடியைச் சரி செய்தாய். பன்னிரண்டு அடித்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாய்.

"எதுக்குக்கா இப்பிடிக் கெடந்து அலையுத? அவன் வரமாட்டானாக்கும்" என்றேன்.

"நான் வரேலன்னா அத எழுதுவாவ. அவன் வரேலன்னா ஆரும் ஒண்ணும் எழுத மாட்டாவ" என்றாய்.

வராத நாளுக்கு முந்தின தினமே அவன் தெரிவிக்க வேண்டும், அதையாவது சொல்லுங்கள் என்று நீ ஒரு மனுப் போட்டிருந்தாய். வேறொன்றும் கேட்கவில்லை. தையல் கடையில் லீவு சொல்லிவிட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வீணாக அலையாமல் இருந்தால் போதும் உனக்கு. அந்த மனு தள்ளித் தள்ளிப் போயிற்று. வாய்தாவுக்கு இந்தக் கேரளக் கோர்ட்டில் மலையாளத்தில் 'அவதி' என்கிறார்கள். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் நாலு வருஷம் அனுபவித்தாய்.

இனி எழுதப் போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை உனக்கு மூன்று நாள் காய்ச்சல். கண் சிவந்திருந்தது. சேலையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று என்னைக் கேட்டாய். எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்காத நீ கேட்டாய்.

"எலே, ஒடம்பு தீயாட்டு எரியுது. இன்னைக்கு ஒரு நாள் போவாம இருக்கட்டா?"

நான் என்ன சொன்னேன்? "ஒரு நாள் போவேலன்னா அவனுக்க வக்கீல் அதையே பிடிச்சுக்கிடுவான்கா. ஒரு மாத்திர போட்டுட்டுப் போயிட்டு வா." சொன்னதோடு நிற்காமல் பைக்கில் கொண்டுபோய் பஸ்ஸும் ஏற்றிவிட்டேன். அன்றும் அவன் வரவில்லை. இரண்டு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாய். திங்கட்கிழமை தையல் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாய். எலிக்காய்ச்சல் என்றார்கள். இத்தனை நாள் ஏன் வீட்டில் வைத்திருந்தீர்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

நோட்டீஸில் சொன்ன நாளில் உன் மரணச் சான்றிதழோடு கோர்ட்டுக்குப் போனேன். "ஆளு மரிச்சு போயெங்கில் அது எழுதித் தரணும்" என்றார் குமாஸ்தா, முகத்தைக்கூடப் பார்க்காமல். நீ இறந்துவிட்டாய் என்று எழுதிக் கொடுத்தேன். அவனும் வந்திருந்தான், அக்கா. உன் சாவுக்கு வராதவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவன் வக்கீல் எழுந்து, தாய் இல்லாத நிலையில் பிள்ளை தகப்பனுக்குத்தான் என்றார். பிள்ளை அவனிடம் வந்துவிடுவதால் செலவுக்குப் பணம் கொடுக்கும் உத்தரவையும் ரத்து செய்ய வேண்டும் என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அடுத்த அவதிக்குப் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார்கள். கோர்ட்டு வராந்தாவில் ஆறேழு ஆண்கள் நின்றார்கள். ஆதிரா என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, இதுல அப்பா ஆரு?"

மெதுவாகக் கேட்கவில்லை. நாலடி தூரத்தில் நின்றவன் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான். நாலு வருஷம் நீ சுமந்துகொண்டு போய்க் காட்டிய பிள்ளைக்கு, அவன் யார் என்றே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற வயதான பெண் வக்கீல் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நீதிபதி அவளைத் தனியாக உள்ளே அழைத்துப் பேசினார். பிள்ளை எங்களோடு, என் மனைவியின் பொறுப்பில் இருக்கட்டும் என்றும், அவன் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் உத்தரவானது. கூடவே, இரண்டாம் சனி பத்து மணியும் தொடரட்டும் என்றார்கள்.

உத்தரவுக்குப் பின் வந்த இரண்டாம் சனி அவன் வந்தான். "எந்த கிளாஸ்ல படிக்க?" என்று கேட்டான். போனில் ஒரு படம் எடுத்தான். கால் மணி நேரத்தில் போய்விட்டான். அடுத்த இரண்டு மாதமும் வரவில்லை. நானும் அவளும் அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதற்கடுத்த முறை வழக்கைக் கூப்பிட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்தும் எழுந்து நின்று கத்தினேன். "எனக்க அக்கா காய்ச்சலோட இங்க வந்து காத்துக் கெடந்தாளாக்கும்! பதிவேட்டுல அவ ஒப்பு இருக்கு, இவன் ஒப்பு எங்க? ஒண்ணு எடுத்துப் பாருங்க!" போலீஸ்காரர் ஒருவர் என் அருகில் வந்து நின்றார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நீ இருந்தவரை எல்லாப் பக்கத்திலும் உன் கையெழுத்து. முதல் மூன்று நாலு தவிர, அவன் இடம் வெறுமையாக இருந்தது.

பத்து நிமிஷத்தில் உத்தரவு. முந்தின நாள் மாலைக்குள் அவன் வருவதாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிள்ளையைக் கொண்டுவர வேண்டியதில்லை. நாலு வருஷம் நீ கைகட்டி நின்று கேட்டதும் இதுதானே, அக்கா? அன்று எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். எனக்கு ஒவ்வொருத்தர் கையையும் தட்டிவிடத் தோன்றியது. ஒரு ஆண் தொண்டை கிழியக் கத்தியதும் திறந்த அந்தப் பதிவேடு, நீ கையெழுத்துப் போட்ட நாளெல்லாம் அதே மேசைமேல்தானே கிடந்தது?

போன இரண்டாம் சனிக்கு அவன் தெரிவிக்கவில்லை. காலையில் நான் பல் தேய்த்துவிட்டு வரும்போது ஆதிரா குளித்து, தலை சீவி, நல்ல பாவாடை போட்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்குப் போவாண்டாம் மக்கா. இனி அவரு சொன்னாத்தான் போணும்" என்றேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். செருப்பு வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினாள். பிறகு கேட்டாள்: "அப்ப இன்னைக்கு நான் என்ன செய்யணும் மாமா?"

எட்டு வயதுப் பிள்ளைக்குச் சனிக்கிழமையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டேன். மத்தியானம்வரை முற்றத்தில் அவளோடு பந்து எறிந்து விளையாடினேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்துகொண்டிருந்தது. அன்று வாசலில் நின்று நீ என்னிடம் கேட்டது, இப்படி ஒரே ஒரு சனிக்கிழமையைத்தான்.