இஞ்சினுக்கு வைத்த பொட்டு

செமோர், தோட்டத்து இஞ்சின் கொட்டகை வீடு
அட்சய வருஷம் ஐப்பசி மாதம் 5ந் தேதி

சௌபாக்கியவதி மகள் வீரம்மாவுக்கு அப்பா பிச்சைமுத்து ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மா சுகம், அவள் வாய் அவளைவிடச் சுகம், கோழி ஏழு சுகம், எட்டாவதைக் கீரி கொண்டுபோய்விட்டது, அந்தக் கீரியும் சுகமாகத்தான் இருக்கும். இஞ்சினும் இப்போது சுகம். அங்கே பாரிட் புந்தாரில் நீயும் மாப்பிள்ளை ராமையா அவர்களும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போடு. ஒரு வரி என்றதும் ஒரே வரியாகப் போட்டு அனுப்பிவிடாதே, போன தடவை அப்படித்தான் செய்தாய், நான் படிக்க உன் அம்மா கேட்க நாலு தடவை படித்து முடித்தும் கஞ்சி ஆறவில்லை. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, மூன்று மாதம் பள்ளிக்கூடம் போனவனுக்கு இதற்குமேல் வராது, நீ மூன்று வருஷம் போனவள், நீயே திருத்திப் படித்துக்கொள். மாப்பிள்ளை இப்போதாவது பேசுகிறாரா? கல்யாணத்தன்று அவர் சொன்ன ஒரே வார்த்தை போதும் மாமா, அதுவும் எட்டு இட்லி உள்ளே போன பிறகுதான் வந்தது. இந்த இடத்தை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டாதே.

மேலே இஞ்சினும் இப்போது சுகம் என்று எழுதினேனே, அந்த இப்போதுக்குள்தான் பெரிய கதை இருக்கிறது. நீ போன பிறகு வந்த முதல் ஆயுத பூசை இது. நீ இருந்தவரைக்கும் இஞ்சினுக்குப் பொட்டு வைப்பது உன் வேலை. அதைக் கிழவா கிழவா என்று கூப்பிட்டு, இது நெற்றி இது காது இது வாய் என்று அந்த இரும்புக்கு ஒரு முகத்தையே பிடித்து வைத்திருந்தாய். பூசை அன்றைக்கு என்னைக் கொட்டகைக்குள் விடமாட்டாய், குளிச்சிட்டுத்தான் வரணும் அப்பா, கிழவன் குளிச்சாச்சு என்பாய். மழை நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதன் பக்கத்துச் சூட்டில் தலையைக் காயவைத்துக்கொண்டு, டொப்பு டொப்பு என்று அது அடிக்கிற அடிக்குத் தகுந்தாற்போல வாய்ப்பாடு சொல்லுவாய், அது நடுவில் ஒரு அடியை விழுங்கினால் நீயும் ஒரு எண்ணை விழுங்குவாய், மறுநாள் வாத்தியாரிடம் அடி வாங்குவாய், சாயங்காலம் வந்து அந்த அடியை இஞ்சினுக்குத் திருப்பிக் கொடுப்பாய். இப்போதும் அது அடியை விழுங்கும்போது, நீ எந்த எண்ணில் நிற்கிறாய் என்று என் காது தேடுகிறது.

இந்தத் தடவை நீ இல்லை. உன் அம்மா இரும்புச் சனியனுக்கெல்லாம் நான் பொட்டு வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், ஆகையால் நானே வைத்தேன். ஈப்போவில் வாங்கின சந்தனத் தூளைக் குழைத்து வைத்தால் காய்ந்து காய்ந்து உதிர்ந்தது. உன் அப்பன் மூளை சும்மா இருக்குமா, பால் வாளியின் அடியிலிருந்து நாலு சொட்டு ரப்பர் பாலைச் சந்தனத்தில் விட்டுக் குழைத்தேன். அடேயப்பா, சும்மா கும்மென்று பிடித்துக்கொண்டது. காது வாய் நெற்றி என்று ஒரு இடம் விடாமல் கட்டை விரலால் அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டுப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பேசாமல் இருந்ததிலும் மாப்பிள்ளை மாதிரிதான். இதையும் படித்துக் காட்டாதே.

மறுநாள் காலை கைப்பிடியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன், பிடித்துக்கொண்டது. ஒரு உலை கொதிக்கிற நேரம் ஓடியது, பிறகு இரண்டு இருமல், ஒரு விக்கல், நின்றுவிட்டது. அப்புறம் என்ன சுற்றியும் எழுந்திருக்கவில்லை. சரி என்று பிளக்கைக் கழற்றி இரும்பின் மேல் வைத்துச் சுற்றினேன், நெருப்புப் பொறி நீலமாக நன்றாகத்தான் வந்தது. பிளக்கை முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாசனையே இல்லை, நாக்கு வறண்ட மாதிரி காய்ந்து கிடந்தது. நெருப்பு இருக்கிறது, சாப்பாடுதான் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துகொண்டேன். டாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டுச் சுற்றினால் மறுபடியும் பிடித்தது, மறுபடியும் அதே உலை கொதிக்கிற நேரம், அதே இருமல், அதே விக்கல். குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன், அடைப்பு இல்லை. பெட்ரோலும் காற்றும் கலக்கிற அந்தச் சின்னப் பித்தளைக் கிண்ணத்தை அவிழ்த்துக் கழுவினேன். மழைத் தண்ணீர் கலந்திருக்குமோ என்று பெட்ரோல் முழுவதையும் இறக்கி, உன் அம்மாவின் பழைய சேலையில் வடிகட்டி ஊற்றினேன், அது பழைய சேலை இல்லை என்று அவள் பிறகுதான் சொன்னாள், இன்னும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள். எல்லாம் செய்து மூடித் திருகினால் உலை கொதிக்கிற நேரம் ஓடும், நிற்கும். ஒரு தடவை கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது, அதனால்தான் எழுத்து இப்படி நண்டு நடந்த மாதிரி இருக்கிறது. மற்ற நாளில் இருப்பதற்குக் காரணம் வேறு.

இஞ்சின் தண்ணீர் ஏற்றாததால் லயத்து மேட்டுத் தொட்டி வற்றிப்போய்ப் பெண்டுகள் எல்லாம் ஆற்றிலிருந்து குடம் தூக்கினார்கள். காளியம்மா கொட்டகை வாசலில் வேண்டுமென்றே குடத்தை இறக்கி வைத்து, அண்ணே இஞ்சினுக்கு நல்லாப் பூசை போட்டீங்க, இனிமே நாங்க ஒங்களுக்குப் போடுறோம் என்றாள். சன்னாசி வந்து உட்கார்ந்துகொண்டு, மச்சான் இது ஒன்னையே பாத்துப் பழகிருச்சு, காலையில கொஞ்சம் ஓடுது, அப்புறம் படுத்துக்குது என்றான். இதெல்லாம் சிரிக்கிற பேச்சு. ஆபீசில் கணக்கு எழுதுகிற பெரியநாயகம் கிராணியார் வந்து சொன்னதுதான் சிரிக்கிற பேச்சாக இல்லை. பிச்சமுத்து, ஒன் இஞ்சின் செத்துப்போச்சு, தொரைக்கிட்ட நான் எத்தனை நாளைக்குப் பொய் சொல்றது, திங்கக்கெழமை காலையில பெரட்டுக்கு ஆளு கூடுறதுக்குள்ள தொட்டியில தண்ணி ஏறலன்னா லகாட்டுத் தோட்டத்துலேருந்து வேற ஆளு வாரான், நீ புல்லுவெட்டுக்குப் போ, வூட்டையும் அவனுக்கு விட்டுரணும் என்று சொல்லிவிட்டுப் போனார். புல்வெட்டுக்குப் போவதில் எனக்கு ஒன்றுமில்லை அம்மா, இடுப்புக்குத்தான் அபிப்பிராய பேதம். ஆனால் இந்த வீடு போய்விட்டால், தலைதீபாவளிக்கு வருகிற உங்களை லயத்தில் ஒற்றை அறையில் எந்த மூலையில் உட்கார வைப்பது? உன் அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. உன் அம்மா ஒன்றுமே சொல்லவில்லை என்றால் நிலைமை எப்படி என்று உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு இஞ்சினுக்கு எதிரில் உட்கார்ந்தேன். நான் அதைப் பார்க்க, அது என்னைப் பார்க்க, ஏன்டா கிழவா மானத்தை வாங்குகிறாய் என்று உன்னைப் போலவே வாய்விட்டுக் கேட்டேன். கேட்டதும்தான் உன் நினைப்பு வந்தது. உனக்கு ஒன்பது வயசு இருக்கும், அந்தப் பூசையில் எல்லா இடத்திலும் பொட்டு வைத்துவிட்டு டாங்கி மூடியை மட்டும் விட்டுவிட்டாய். அங்கேயும் ஒன்று வை பிள்ளே என்றேன். அது மூக்கு அப்பா, மூக்குல யாராச்சும் பொட்டு வைப்பாங்களா, கிழவன் எப்படி மூச்சு விடுவான் என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் நீ மூடியை விட்டுவிட்டுத்தான் வைத்தாய், நான் ஒரு வருஷமும் கவனிக்கவில்லை.

உடனே எழுந்து மூடியைத் திருகினேன், புஸ் என்று ஒரு பெருமூச்சு விட்டது. இரண்டு நாளாகத் திறந்தபோதெல்லாம் அது அப்படித்தான் விட்டிருக்கிறது, என் காதுக்கு என் பெருமூச்சுத்தான் கேட்டது. மூடியைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். ஓடியது, ஒரு உலை கொதித்து இரண்டாவது உலை கொதிக்கிற நேரமும் ஓடியது. மூடியை வெயிலில் பிடித்தால் நடுவில் இருக்கிற ஊசி ஓட்டையில் வெளிச்சம் தெரியவில்லை, உன் அப்பன் வைத்த சந்தனப் பொட்டு உள்ளே இறங்கி ரப்பராய் உறைந்து கிடந்தது. வெளிக் காற்று உள்ளே போனால்தானே பெட்ரோல் கீழே இறங்கும்? நான் திறக்கிறபோதெல்லாம் ஒரு வாய்க் காற்றுக் குடித்துவிட்டு, அது தீர்கிறவரைக்கும் ஓடியிருக்கிறது பாவம். உன் அம்மா தாலிக் கயிற்றில் தொங்குகிற ஊக்கை வாங்கிக் குத்தி இழுத்தேன், புழு மாதிரி நீளமாக வந்தது. அதைப் பார்க்க வந்த சன்னாசி சிரித்த சிரிப்பில் கோழிகள் எல்லாம் ஓடிப்போயின, எட்டாவது கோழி அன்றைக்குத்தான் போனது. பொழுது சாய்வதற்குள் தொட்டி வழிந்தது. கிராணியார் வந்து என்னதான் செஞ்ச என்று கேட்டார். மூக்கடைப்புங்க ஐயா, இப்பத் தேவலாம் என்றேன். துரையிடம் என்ன சொன்னாரோ, லகாட்டு ஆள் வரவில்லை.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. ஒன்பது வயசில் அந்த ஓட்டைதான் மூக்கு என்று உனக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. அந்த வருஷம் நீ டாங்கியின் மேல் கையை வைத்துக்கொண்டு வாய்ப்பாடு படிக்கிற நாளெல்லாம் இஞ்சின் காரணமில்லாமல் நிற்கும், நான் பெட்ரோலைத் திட்டுவேன், சீனன் கடையைத் திட்டுவேன், ஒரு நாள் பிளக்கைத் தூக்கிப் புல்லில் எறிந்துவிட்டு அரை நாள் தேடினேன், நீயும் கூடவே குனிந்து தேடினாய். அது உன் விரல்தானா? உண்மையை எழுது, இனிமேல் அடிக்கமாட்டேன், அடிக்கிற தூரத்திலும் நீ இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வயல் பக்கம் கொசு அதிகம் என்று சொல்கிறார்கள், சாயங்காலம் வேப்பிலைப் புகை போடு. மாப்பிள்ளையின் நெல் ஆலை இஞ்சினுக்கும் பூசை போட்டிருப்பார்கள், மூடியை ஒரு தடவை பார்க்கச் சொல், இதை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டு. இரண்டு பேரும் பதினாறும் பெற்று, வாய் நிறையப் பேசிச் சிரித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். தலைதீபாவளிக்கு முந்தின நாளே ரயில் ஏறிவிடுங்கள், செமோர் ஸ்டேஷனில் நான் நிற்பேன். இஞ்சினில் நான் அப்பினதையெல்லாம் சுரண்டித் துடைத்துவிட்டேன். கிழவன் வெறும் நெற்றியோடு நிற்கிறான், நான் மறுபடி வைக்கவில்லை, உன் அம்மா வைக்கிறேன் என்று வந்தாள், அவளையும் விடவில்லை. சந்தனம் மிச்சம் இருக்கிறது. நீ வந்து வை.

இப்படிக்கு,
உன் அப்பா பிச்சைமுத்து,
இன்னும் இஞ்சின்காரன்.