நாங்கள் கீழிறங்கிய ஞாயிற்றுக்கிழமை

அக்கா,

ஈரமான பருத்தித் துணியில் சூட்டு இஸ்திரியை வைத்தவுடன் ஒரு மணம் எழும்புமே, இன்று காலை அது என் கையை அப்படியே நிறுத்திவிட்டது. கால்சாப் பகுதியில் நான் பார்த்துக்கொள்ளும் வீட்டம்மாவான சிஞ்ஞோராவின் கட்டில் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வானொலியில் விளையாட்டுச் செய்தி. நம் உதைபந்தாட்ட அணி மறுபடியும் சொந்த மைதானத்தில் தோற்றிருக்கிறது. பயிற்சியாளரை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். நீராவி முகத்தில் அடிக்க, "இவங்களுக்கு விசர்" என்று நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். பிறகு விரிப்பைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்தைத் தேய்த்தேன்.

நான் பலேர்மோவுக்கு வந்த புதிதில் என்னை முதல் வேலைக்குக் கூட்டிப்போனவர் நீங்கள்தான். பெரிய வீடு, ஏழெட்டுப் பேரின் துணி. உங்களுக்கு ஒரு மேசை, எனக்கு ஒரு மேசை, நடுவில் அந்த வீட்டு வானொலி. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நீங்களோ சட்டைக் கழுத்தைத் தேய்த்தபடியே வானொலிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இத்தாலிய மொழியை வகுப்பில் படிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் உதைபந்தாட்ட வர்ணனை கேட்டுக் கேட்டே படித்தீர்கள். அதனால் உங்கள் பேச்சில் பாதி மைதானத்துப் பேச்சு. சிஞ்ஞோரா கோபித்தால் "மஞ்சள் அட்டை" என்பீர்கள். வதிவிட அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்கப் பிந்திப் போனபோது, காவல் தலைமையகமான குவெஸ்தூராவில் இருந்த அதிகாரி ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். "ஆட்டம் முடியவில்லை ஐயா, மேலதிக நேரம் நடக்கிறது" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டு உங்கள் கடதாசிகளை வாங்கிக்கொண்டார். அன்று வரிசையில் நின்ற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அது பெரிய அதிசயம்.

பிறகு ஒரு ஞாயிறு என்னையும் மைதானத்துக்கு இழுத்துப் போனீர்கள். "எனக்கு இது ஒண்டும் விளங்காது அக்கா" என்றேன். "விளங்கத் தேவையில்லை பிள்ளை. கத்தத் தெரிஞ்சாக் காணும்" என்றீர்கள். எங்கள் இடம் கோல் கம்பங்களுக்குப் பின்னால், பெல்லெக்ரினோ மலை நேரே தெரியும் பக்கம். முன் வரிசையில் சந்தையில் கூனைப்பூவும் காய்கறியும் விற்கும் சால்வோ இருந்தார். சேலை கட்டாத, அணியின் இளஞ்சிவப்புக் கழுத்துத்துணி போட்ட இரண்டு தமிழ்ப் பெண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, உங்கள் நாட்டில் கிரிக்கெட் இல்லையா என்று கேட்டார். நீங்கள் அவருக்கு என்னவோ சொன்னீர்கள். அந்த வரிசை முழுவதும் சிரித்தது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இருக்கு, அங்கை நாங்கள் வெல்லுவம், தோக்கிறதுக்குத்தான் இஞ்சை வாறனாங்கள் எண்டு சொன்னனான்."

அன்றும் தோற்றோம். சால்வோ எங்களுக்குச் சூரியகாந்தி விதை தந்தார். அடுத்த ஞாயிறு நாங்கள் பிந்திப் போனபோது எங்கள் இடத்தில் தன் மேற்சட்டையை வைத்துப் பிடித்து வைத்திருந்தார்.

அத்தானுக்கு மட்டும் இது பிடிக்கவேயில்லை. துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பலுக்கு வாகனம் ஏற்றிவிட்டு வந்து, "இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்குப் பின்னாலை ஓடுறாங்கள். அதைப் பாக்க இவள் ஓடுறாள்" என்பார். நீங்கள் வாதாட மாட்டீர்கள். சோற்றையும் குழம்பையும் மூடி வைத்துவிட்டுச் செருப்பைப் போடுவீர்கள்.

தோல்வியை நீங்கள் எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்குக் கடைசிவரை புதிராக இருந்தது. மைதானத்தில் உங்களைப்போல் திட்டுகிறவர் வேறில்லை. பந்துக்காப்பாளரின் தாய் தகப்பனை மட்டும் விட்டுவிடுவீர்கள். மிச்சம் எல்லாம் சொல்வீர்கள். பேருந்தில் வரும்போது ஒரு பேச்சும் இராது. வியா மக்வேதாத் தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கியதும், "தை மாதம் ஆரையாவது எடுப்பாங்கள்" என்பீர்கள். அவ்வளவுதான். ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் காலம் கோடையில் ஒன்று, தை மாதத்தில் ஒன்று. நம் அணியின் வருடம் புரட்டாதியில் தொடங்கியது. உங்கள் வருடம் அந்த இரண்டு காலங்களில் தொடங்கியது. யார் வரக்கூடும், யாருக்குக் கால் முறிந்து தேறியிருக்கிறது, யாரை அவன் அணியில் ஆடவிடாமல் இருத்தி வைத்திருக்கிறார்கள் என்று கதைத்துக்கொண்டே இருப்பீர்கள். வந்தவர்களில் பாதிப்பேர் ஒன்றுக்கும் உதவவில்லை. உங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. "வரமுந்தி எல்லாரும் நல்ல ஆக்கள்தான்" என்று சிரிப்பீர்கள்.

ஆனால் கோயிலில் மட்டும் அணிக்காகக் கேட்க மாட்டீர்கள். எங்கள் ஆட்களோடு அந்த மலை ஏறி, ஊரின் காவல் தெய்வமான சந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் போவோம். பிள்ளைகளின் படிப்பு, பெர்மெசோ, முட்டு வலி எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் சொல்வீர்கள். அணியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லுங்களேன் என்று ஒருமுறை நான் கேட்டேன். "சாமியிட்டைப் பந்தைப் பற்றிக் கேக்கக் கூடாது. அவவுக்கு மற்ற ரீம் பெடியங்களும் பிள்ளையள்தானே" என்றீர்கள்.

உங்களுக்கு வருத்தம் வந்து ஆசுப்பத்திரிக்கு அலைந்த வருடம் அணிக்கும் மோசமான வருடம். அட்டவணையின் அடியிலிருந்து நாங்கள் எழும்பவேயில்லை. தை மாதத்தில் பெரிய பெயரோடு ஒரு முன்கள ஆட்டக்காரன் வந்தான். ஊரே அவனை நம்பியது. சால்வோ தன் கடையில் அவன் படத்தைத் தொங்கவிட்டார். மருந்து ஏற்றிவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்திருந்தபடி நீங்கள் அவன் முதல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். "இவன் சம்பளத்துக்கு வந்தவன்" என்றீர்கள். உங்கள் கண் வேறொருவனில் இருந்தது. இளையோர் அணியிலிருந்து மேலே கொண்டுவந்த, இடது பக்கப் பின்களத்தில் ஆடும் பெடியன். பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று மட்டும் இறக்குவார்கள். பந்தை இழந்தால் நின்று கையை விரிக்காமல் திரும்ப ஓடி எடுப்பான். "இவனை ஏன் வெளியிலை வைச்சிருக்கிறாங்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நாங்கள் அவனைச் சின்னவன் என்று அழைத்தோம்.

கடைசி ஆட்டம் வந்தபோது நீங்கள் ஆசுப்பத்திரியில். வென்றால் அதே பிரிவில் இருப்போம், இல்லையென்றால் கீழ்ப்பிரிவு. நான் உங்களோடு இருக்கிறேன் என்றேன். நீங்கள் விடவில்லை. உங்கள் கைபேசியையும் அத்தானிடம் கொடுத்துவிட்டீர்கள். "போனிலை பாத்தா எத்தினை கோல் எண்டு மட்டும்தான் தெரியும். நீ போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு" என்றீர்கள். உங்கள் கழுத்துத்துணியையும் போட்டுக்கொண்டு போனேன். வெயிலுக்குள் இரண்டு துணி.

ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். மைதானம் முதலில் கத்தியது, பிறகு விசிலடித்தது, பிறகு ஒரு சத்தமும் இல்லை. அதுதான் மோசம். சால்வோ கீழே குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். போகும்போது, "அக்காவுக்கு என்ன சொல்லப் போறாய்?" என்று கேட்டார்.

ஆசுப்பத்திரி நடைவழியில் அத்தான் எனக்காக நின்றார். கால்விரல்களில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. காலையில் செருப்பில்லாமல் மலை ஏறியிருக்கிறார், அக்கா. இது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. பந்துக்காப்பாளரின் பெயர்கூடத் தெரியாத மனிதர், நீங்கள் கேட்கக் கூடாது என்று சொன்னதைப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். முடிவு அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"கேட்டும் இப்பிடி ஆயிட்டுது" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். அதுவரை அவர் என் கையைத் தொட்டதில்லை. "வெண்டிட்டம் எண்டு சொல்லு பிள்ளை. அவளுக்கு இனி என்ன இருக்கு? இந்த ஒரு சந்தோசமாவது இருக்கட்டும்."

"ஓம் அத்தான்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். முகம் கழுவி, கழுத்துத்துணிகளைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தேன்.

நீங்கள் வென்றோமா தோற்றோமா என்று கேட்கவில்லை. "சின்னவன் விளையாடினவனோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அக்கா. இரண்டாம் பாதியிலை விட்டவங்கள்."

"எப்பிடி?"

"நல்லா ஓடினவன். அவன் வந்தாப் பிறகுதான் இடது பக்கத்தாலை பந்து போகத் தொடங்கினது."

"கோலுக்கு முன்னாலை குடுத்தவனோ?"

"குடுத்தவன். ரெண்டு தரம். சரியா முன்கள ஆளின்ரை தலைக்கு."

"பிறகு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வென்றோம் என்று ஒரு சொல் சொல்வது சுலபம். ஆனால் உங்களுக்கு ஒரு சொல் போதாது. யார் அடித்தது, எந்தக் காலால், எதிர் ஆட்டக்காரன் எங்கே நின்றான் என்று எல்லாம் கேட்பீர்கள். நான் தொண்ணூறு நிமிடத்தையும் பொய்யாகக் கட்ட வேண்டும். கட்டினாலும், நீங்கள் காத்திருந்த அந்தப் பெடியனின் உண்மையான ஓட்டம் அதில் அழிந்துபோகும்.

"ரெண்டையும் முன்கள ஆள் வெளியிலை அடிச்சிட்டான் அக்கா. தோத்துப்போனம்."

அத்தான் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. நீங்கள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அழப்போகிறீர்கள் என்று பயந்தேன். நீங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"கீழை போனா இந்தப் பெரிய சம்பளக்காரர் ஒருத்தரும் நிக்க மாட்டினம்" என்றீர்கள். "அப்ப சின்னவனை முதலிலையிருந்தே இறக்கத்தான் வேணும். வேற ஆள் இல்லை." பிறகு அத்தானைப் பார்த்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? தலைமாட்டைக் கொஞ்சம் நிமித்தி விடுங்கோ. இவளோடை கதைக்க வேணும்" என்றீர்கள்.

அன்று அத்தான் கொண்டுவந்த கஞ்சியில் முக்கால்வாசியைக் குடித்தீர்கள். பல நாட்களாக இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காத கஞ்சி.

அதற்குப் பிறகு கிடைத்த வாரங்களை நான் நல்ல வாரங்கள் என்றே சொல்வேன். வலி இருந்தது, வாந்தி இருந்தது. அதையெல்லாம் மறைத்து எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் கோடைச் சந்தை திறந்திருந்தது. நாங்கள் வென்று தப்பியிருந்தால் அணியில் மாற்ற அதிகம் இருந்திராது. கீழிறங்கியதால் முழு அணியையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது, அந்த வேலை உங்களுக்கு அளவாக இருந்தது. சால்வோ கடை பூட்டிய பிறகு வந்து, கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து ஒரு பெயர் சொல்வார், நீங்கள் தலையாட்டி மறுப்பீர்கள். அத்தானும் கதையில் சேர்ந்தார். ஒருநாள், "அந்த நடுக்கள ஆள் கிழவன், இந்த வெயிலுக்கு ஓடமாட்டான்" என்று அவர் சொன்னபோது நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். "இவ்வளவு நாளும் இந்த மனுசன் எங்கை இருந்தவர்?" என்றீர்கள். அத்தான் வெட்கப்பட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நடைவழியில் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "விடு பிள்ளை. நீ சரியாத்தான் சொன்னனி" என்றார்.

சந்தை மூடுவதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். இறுதிச் சடங்குக்கு மைதானத்து எங்கள் வரிசை முழுவதும் வந்தது. சால்வோவும் மற்றவர்களும் வேலை உடுப்போடு, எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலில் நின்றார்கள். தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோது அத்தான் எழுந்து போய் அவர்களை முன்னுக்குக் கூட்டிவந்து குடும்பத்தோடு நிற்பாட்டினார். சனங்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

மிச்சக் கதை இதுதான். சின்னவன் அந்த வருடம் முழுவதும் ஆடினான். நாங்கள் மேலே வந்தோம். அடுத்த கோடையில் வடக்கே ஒரு பெரிய அணி அவனைக் கொண்டுபோய்விட்டது. நல்லவன் என்று நீங்கள் சொன்னது சரி, அதனால்தான் போனான். இப்போது மறுபடியும் அட்டவணையின் அடியில் கிடக்கிறோம். போன கிழமை நான் கத்திய கத்தில் தொண்டை கட்டி, சிஞ்ஞோராவின் மகள் எனக்குத் தேன் வாங்கித் தந்தாள். முன்பு உங்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான் என்று சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

இப்போது தை மாதம். நேற்றுப் புதிதாக ஒருவனை எடுத்திருக்கிறார்கள், அக்கா. பெயர் ஒருவருக்கும் தெரியாது, சின்ன ஊர் அணியில் இருந்தவன். சால்வோ காணொளி அனுப்பி, அடியில் ஒரு அழுகிற முகம் போட்டிருந்தார். வேலை முடிந்து பேருந்துக்கு நின்றபோது அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உயரம் போதாது. திரும்பும்போது மெதுவாகத்தான் திரும்புகிறான். ஆனால் பந்து வருமுன்பே எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது.

இவன் கோல் அடிப்பான் என்று நினைக்கிறேன்.