நெஞ்சா, மார்பா?

அக்கா,

இன்று காலை பச்சைப்பயறு முளைகட்டியிருந்தது. ஊறவைத்து வடித்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து சமையலறைக் குழாயில் தொங்கவிட்டிருந்தேன். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் எட்டிப் பார்த்தால், துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக முளைகள் தலைநீட்டுகின்றன. அந்தப் பச்சை வாசம் குப்பென்று வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனியாக நின்று சிரிக்கிறாளே என்று என் வீட்டுக்காரர் வந்து பார்ப்பதற்குள் சிரிப்பு போய் அழுகை வந்துவிட்டது. "என்னம்மா?" என்றார். "பயறு" என்றேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து டாக்ஸியில் அந்த மருத்துவமனைக்கு நான் முதன்முதலாக வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? கூடத்தில் எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. உங்கள் பக்கத்தில் மட்டும் ஓர் இடம். அதிலும் உங்கள் முறுக்குப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. பூப்போட்ட துணியைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தீர்கள். பொட்டலத்தை மடிக்கு மாற்றிக்கொண்டு, எனக்கு ஒரு முறுக்கை நீட்டி, ஊர் பேர் கேட்பதற்கு முன்னாலேயே கேட்டீர்கள்.

"ஒனக்கு என்னம்மா?"

"நெஞ்சுல ஒரு கட்டிங்க்கா."

"நெஞ்சா, மார்பா?"

உங்கள் குரல் சின்னக் குரலா என்ன! கூடத்தில் இருந்த தமிழர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. மெதுவாகப் பேசுங்கள் என்று கெஞ்சினேன்.

"இங்க வந்திருக்கிற முக்காவாசிப் பேருக்கு அதான் லா. யாருக்கு ஒளிக்கிற?"

முறுக்கைக் கடித்துக்கொண்டே என்ன வேலை என்று விசாரித்தீர்கள். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டீர்கள். "தமிழ் டீச்சரா? அப்ப ஒனக்குத்தான மொதல்ல அந்த வார்த்தை வரணும்!" அன்றிலிருந்து கடைசிவரை நான் உங்களுக்கு டீச்சர்தான். என் பெயரை நீங்கள் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை, அக்கா. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உடல் உறுப்புகள் நடத்தும்போது கழுத்திலிருந்து நேரே வயிற்றுக்குத் தாவுகிறவள் நான். எனக்கே வந்தபோது மட்டும் வார்த்தை எங்கிருந்து வரும்? வீட்டிலும் பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் 'நெஞ்சில் கட்டி' என்றே சொல்லிவைத்தேன். கேட்டவர்கள் இதயம் என்று எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ஆன்டி பூண்டை வதக்கித் தேனில் போட்டுக் கொடுத்தார். உடன் வேலை செய்யும் ஆசிரியைகள் கூடை நிறைய ஓட்ஸ் கொண்டுவந்து வைத்தார்கள். தலைமையாசிரியர் ஒருபடி மேலே போனார். நான் மாடி ஏறக் கூடாதென்று என் வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார். மேசை நாற்காலிகளை எல்லாரும் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நெஞ்சில் கை வைத்தபடி ஓரமாக நின்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்து ஏற்றும் அறையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் மிஸ்ஸி ஓடிவந்து உங்கள் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயைச் சரிபார்த்தாள்.

அடுத்த முறை நான் வந்தபோது டாக்டர் என் முன்னால் இரண்டு வழிகளை வைத்தார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு வாரக்கணக்கில் கதிர்வீச்சு. இல்லையென்றால் மார்பை முழுவதுமாக எடுத்துவிடுவது. "உங்கள் நிலைமைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன்தான், எது உங்களுக்குத் தோதுப்படும் என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்" என்று என்னிடம் சொன்னார். எனக்குக் கோபமான கோபம். படித்தவர் அவர், முடிவை என் தலையில் கட்டுகிறாரே! என் வீட்டுக்காரர், "நீ எதச் சொன்னாலும் சரிம்மா" என்றார். அதைவிடக் கோபம் வந்தது. பந்திங்கில் இருக்கும் நாத்தனார் மட்டும் தெளிவாக இருந்தார். அங்கே ஒருவர் மூலிகைச் சாறு கொடுக்கிறாராம், கத்தியே படாமல் கரைந்துவிடுமாம்.

எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு உங்களைத் தேடி வந்தேன். உங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருந்த ஒட்டுக்கடையில் உட்கார வைத்தீர்கள். எனக்கு வடையும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயும். உங்களுக்கு வாயெல்லாம் புண், அதனால் ஆறிப்போன பார்லித் தண்ணீர். நாத்தனார் சொன்ன மூலிகையைப் பற்றிக் கேட்டேன்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடி. அத நம்பி ஆபரேசன தள்ளிப் போட்டேன்னா கிள்ளானுக்கே வந்து ஒதைப்பேன்."

"அப்ப எதைத்தான் செய்யச் சொல்றீங்க? நீங்களே ஒன்னு சொல்லுங்கக்கா. நான் அதையே செய்றேன்."

எதற்கும் பட்டென்று பேசுகிறவர், அன்று ஸ்ட்ராவால் பார்லியைக் கலக்கிக்கொண்டே இருந்தீர்கள். பிறகுதான் அந்த கிளினிக் கதையைச் சொன்னீர்கள்.

உங்கள் மார்பில் கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டதும் கிளினிக்குக்குப் போனீர்கள். டாக்டர் நம் தமிழ்ப் பையன், உங்கள் தம்பி வயது. "என்னங்க்கா செய்யுது?" என்று அன்பாகக் கேட்டான். "நெஞ்சுல கல்லு மாதிரி இருக்கு தம்பி" என்றீர்கள். அவன் பதறிப்போய் இதயத் துடிப்பைப் பதிவெடுத்துப் பார்த்தான். காற்றடைப்புக்கு மருந்து கொடுத்தான். "பயப்படாதீங்கக்கா, நெஞ்சு நல்லா இருக்கு" என்று அனுப்பிவைத்தான். நீங்களும் நிம்மதியாக வரும் வழியில் லட்டு வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தீர்கள். அடுத்து ஒரு டாக்டரைப் பார்ப்பதற்குள் தீபாவளி வந்து போய், பொங்கலும் வந்து போய்விட்டது.

"அந்தப் பையன் மேல தப்பே இல்ல டீச்சர். நான் நெஞ்சுன்னேன், அவன் நெஞ்சப் பாத்தான். சீன டாக்டரா இருந்திருந்தா இங்கிலீஷ்ல பளிச்சுன்னு பிரெஸ்ட்டுன்னு சொல்லியிருப்பேன். நம்ம பையன் தமிழ்ல கேட்டுட்டான் பாரு. வெக்கம் வந்து வாயப் பொத்திருச்சு."

அப்புறம் என் தட்டிலிருந்த வடையைப் பிட்டு என் கையில் வைத்தீர்கள்.

"எனக்கு யாரும் ரெண்டு வழி காட்டல டீச்சர். நான் போய்ச் சேர்ந்தப்ப ஒரே வழிதான் இருந்துச்சு. ஒனக்கு ரெண்டு குடுத்து யோசிக்கச் சொல்லியிருக்காங்க. அழாத. சாப்புடு. சாப்டுட்டு யோசி."

அதுவரை அந்த இரண்டு வழிகளையும் ஒரு தண்டனை மாதிரிதான் நினைத்திருந்தேன். உங்களுக்குக் கிடைக்காத ஒன்றை வைத்துக்கொண்டு உங்கள் முன்னாலேயே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்திருக்கிறேன். ரயிலில் திரும்பும்போது நிதானமாக யோசித்தேன். கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கதிர்வீச்சுக்குப் போகிறேன் என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். தினமும் கே.எல். வரைக்கும் அலைய முடியுமா என்றார் வீட்டுக்காரர். முடியும் என்றேன். ஓர் உண்மையை இப்போது சொல்கிறேன். தினமும் அலைந்தால் தினமும் உங்களைப் பார்க்கலாம் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது.

அறுவை முடிந்து, காயம் ஆறி, கதிர்வீச்சு தொடங்கியது. அந்த வாரங்களைப் போல ஒரு காலம் இனி எனக்கு வராது. நோய்க்காலத்தை நினைத்து ஏங்குகிறாள் பார், பைத்தியம் என்று யாரும் சொல்லட்டும். படுக்கையில் கையைத் தலைக்குமேல் தூக்கிவைத்து அசையாமல் கிடப்பேன். மெஷின் சுற்றி முடித்ததும் நேரே பிரிக்ஃபீல்ட்ஸ். உங்கள் வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, என் விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏறவைப்பீர்கள். அறுவைக்குப் பிறகு தோள் இறுகிப்போகாமல் இருக்க அந்தப் பயிற்சி. "இன்னும் மேல, இன்னும் மேல! பிள்ளைங்கள மட்டும் வெரட்டத் தெரியுதுல்ல!" என்று விரட்டுவீர்கள். வலியில் நான் ஏசுவேன். உங்கள் அண்ணன் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவைத்துவிடுவார்.

அப்படி ஒரு நாள்தான் பயறு கதையைச் சொன்னீர்கள். மார்பை எடுத்த பிறகு உடுப்பு ஒரு பக்கமாகச் சரிகிறது என்று, ரவிக்கைத் துணியில் ஒரு பை தைத்து, பச்சைப்பயற்றை நிரப்பி உள்ளே வைத்துக்கொண்டீர்களாம். கனமும் சரியாக இருந்ததாம். அழுக்கானதும் பயற்றைக் கொட்டாமல் அப்படியே துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறீர்கள். மழைக்காலம், காயவே இல்லை. ஒரு காலை போய்ப் பார்த்தால் பை முழுக்க முளை!

"என் ஒடம்புலேந்து எடுத்ததே திரும்ப மொளைக்குதேன்னு ஒரு நிமிசம் ஆடிப்போய்ட்டேன் டீச்சர். அப்புறம் சுண்டல் பண்ணலாமான்னு யோசிச்சேன்."

ஆறிய தையலும் பிரிந்துவிடும்போல நான் சிரித்தேன். அதற்குப் பிறகு பாசி மணிகளை வாங்கி நிரப்பிக்கொண்டதையும் காட்டினீர்கள். இன்னொன்று புதிதாகத் தைத்து என் பைக்குள் திணித்தீர்கள். எனக்கு எதற்கு என்றேன். "ஒனக்கு இல்ல. வேற யாருக்காச்சும் தேவப்படும். வெச்சிரு."

நான் பள்ளிக்குத் திரும்பியதும் முதல் வேலையாகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். "சார், எனக்கு வந்தது நெஞ்சுல இல்ல. மார்புல. மார்புப் புற்றுநோய்" என்றேன். அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "நல்லது டீச்சர்" என்றார். அந்த வாரமே என் வகுப்பு பழையபடி மாடிக்குப் போயிற்று. போன் போட்டுச் சொன்னேன். எதிர்முனையில் நீங்கள் சிரித்துச் சிரித்து இருமினீர்கள். அந்த இருமல் அடங்கவே இல்லை.

பிறகு முதுகில் வலி வந்தது. "இந்தத் தடவ சரியான எடத்தத்தான் சொன்னேன் டீச்சர். முதுகுன்னு சொன்னேன், முதுகத்தான் பாத்தாங்க" என்றீர்கள். நோய் எலும்பு வரை வந்திருந்தது. அப்போதும் எனக்குச் சுவரில் விரல் ஏற்றச் சொல்லிக் கட்டிலில் படுத்தபடியே அதட்டிக்கொண்டிருந்தீர்கள். நானும் ஏற்றினேன். கை நன்றாகவே எட்டியது. எட்டாத மாதிரி நடித்தேன், நீங்கள் இன்னும் கொஞ்சம் விரட்டட்டும் என்று.

நீங்கள் போய்விட்ட அன்று, உங்களைக் கிடத்தியிருந்த வீட்டுக் கூடத்தில் உங்கள் அண்ணன் வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னவாம், எப்படியாம் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். "நெஞ்சு நோய்ங்க" என்றார். மறுபடியும் ஒருவர் கேட்டார். மறுபடியும் "நெஞ்சு நோய்." அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தங்கையின் மானத்தைக் காப்பதாகத்தான் அவர் நினைத்திருப்பார். ஆனால் உங்களைக் கொண்டுபோன வார்த்தையே உங்கள் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, அக்காவுக்கு நெஞ்சு நல்லாத்தான் இருந்துச்சு. மார்புலதான் புத்துநோய்."

வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் சொல்லிவிட்டேன். அண்ணன் முகம் சிவந்தது. என்னை வெளியே போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஆமாங்க, மார்புலதான்" என்று அழுதார். நீங்கள் இறந்ததற்கு அதுவரை அவர் அழவில்லை, அக்கா.

செருப்புப் போடும் இடத்தில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். சாலாக் செலாத்தானிலிருந்து வந்தவள், உங்களோடு முன்பு வேலை செய்தவளாம். "டீச்சர், எனக்கும் நெஞ்சுல..." என்று ஆரம்பித்தாள். நான் உங்கள் கேள்வியைக் கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்துச் சரியான வார்த்தையைச் சொன்னாள். அந்த வாரமே இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். அவளுக்கும் அதுதான். நல்லவேளையாகச் சீக்கிரமே வந்துவிட்டாள். டாக்டர் அவள் முன்னாலும் இரண்டு வழிகளை வைத்தார். அவள் முழுவதும் எடுத்துவிடுவதைத் தேர்ந்தெடுத்தாள். அது அவள் முடிவு. நீங்கள் தைத்த மணிப்பை இப்போது அவளிடம் இருக்கிறது.

அதனால் உங்கள் பொருளென்று என்னிடம் எதுவும் இல்லை. கேள்வி ஒன்றுதான் இருக்கிறது. கோயிலிலும் பாசார் சந்தையிலும் கொமுட்டரிலும் யாராவது பெண் நெஞ்சில் என்னவோ என்று இழுத்தால், என் வாயிலிருந்து உங்கள் குரல் வந்துவிடுகிறது. நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளத் தோன்றுவதில்லை. வகுப்பிலும் கழுத்துக்கு அடுத்து மார்பு, அதற்கு அடுத்து வயிறு. பிள்ளைகள் யாரும் சிரிப்பதில்லை.

இன்று காலை பயற்றை அலசி வைத்துவிட்டுப் பள்ளிக்கு ரயில் நிலையத்தைக் கடந்துதான் போனேன். கே.எல். பக்கம் போகும் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறிவிடலாமா என்று ஒரு நிமிடம் காலெடுத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கினால் போய் உட்கார எனக்கு யார் இருக்கிறார்கள்? உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டு மூச்சு முட்டியது. கையைத் தூக்கி அங்கே வைத்து அழுத்திக்கொண்டேன். நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் ஊருக்கே கேட்கும்படி கேட்டிருப்பீர்கள், "நெஞ்சா, மார்பா, டீச்சர்?" என்று.

இந்தத் தடவை நெஞ்சுதான், அக்கா.