கணினியில் அடங்காத பட்டங்கள்

ஏரிகள் நிறைக, எல்லைகள் உறங்குக, குடிகளின் அடுப்பு அணையாதிருக்க. நீள்குன்ற நாட்டு மூத்த அரசி நல்லினி, தலைநகர் அரண்மனையிலிருந்து, வடவெல்லைப் பாசறையில் வீற்றிருக்கும் தன் மகன், ஏழ்மலைக் காவலன், கடல்முரசு உடையான், பகைவர் யானை கவர்ந்தோன், வெயில்குடைச் செல்வன், இன்னும் இருபது பட்டங்களுக்கு உரிய இளஞ்செழுங்கோ மன்னனுக்கு விடுக்கும் ஓலை. எஞ்சிய பட்டங்களை எழுதாமல் விட்டது தாய்க்குள்ள உரிமையால்.

காரியம் யாதெனில், பாசறைச் செய்திகளைத் தம் இல்லத்திலிருந்தே படிக்கும்பொருட்டு அமைச்சர் வெள்ளாதனாருக்கு நீ ஒரு கணினி அளித்தாய். அதற்குரிய மென்பொருளை நிறுவ அவர் தாமதித்தபோது, வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று சினந்து, நிறுவி முடிக்கும்வரை வீட்டு வாசற்படி தாண்டலாகாது எனக் காவலும் வைத்தாய். இன்றோடு பதினொரு நாள். இன்றிலிருந்து ஐந்தாம் நாள் அவருடைய ஒரே மகள் வேண்மாளுக்குக் கடம்பூரில் திருமணம். தாயில்லாப் பெண்; தாரை வார்த்துக் கொடுக்க அவரைவிட்டால் எவரும் இல்லை.

அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை, மகனே. கணினியை அணைத்து அணைத்து இயக்கினார். வைரஸ் தடுப்பை நிறுத்தி வைத்தார். நிர்வாகி அனுமதி கொடுத்தார். நிறுவற்கோப்பை அழித்து மறுபடி தரவிறக்கினார். ஒவ்வொரு முறையும் பச்சைக் கோடு தொண்ணூற்றெட்டு விழுக்காடு வரை ஓடி, நிறுவல் நிறைவுறவில்லை என்று நின்றது. இடம் போதவில்லையோ என்று ஐயுற்று, வேண்மாளின் சிறுவயதுப் படங்களையெல்லாம் அழித்தார். அதன்பின்னும் அதே இடத்தில் அதே சொல்! அன்று அவர் வாய்விட்டு அழுததாக, நீ வைத்த காவலர்தலைவனே எம்மிடம் வந்து சொல்லிக் கலங்கினான்.

ஒன்பதாம் நாள் பிழைப் பதிவைத் திறந்து கடைசி வரியைப் படித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அரசன் அளித்த எப்பொருளிலும் அவன் பட்டங்கள் இருபத்துநான்கும் பொறிக்கப்பட வேண்டும் என்பது நம் வழக்கம். முரசிலும் நெல்லளக்கும் மரக்காலிலும் பொறிப்பதுபோல் அவர் பயனர் பெயரிலும் பொறித்திருந்தார்; கோப்புறையிலும் பொறித்திருந்தார்; பணிவு மிகுந்து, அதனுள் இருந்த கோப்புறையிலும் பொறித்திருந்தார். இப்பெயர்களெல்லாம் சேர்ந்த கோப்புப் பாதை மிக நீளம், கோப்புகளை எழுத இயலாது என்கிறது கணினி. உன் பெருமை அதற்குள் அடங்கவில்லை, அப்பா!

பெயரைச் சுருக்கினால் அரை நாழிகையில் வேலை முடியும். ஆனால் சுருக்குவோரை நாடு கடத்தச் சட்டம் போட்டவன் நீ. யாமே நேரில் சென்று சுருக்க முனைந்தோம். அவரோ விசைப்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு, அரசர் பெயரை அரசரன்றி எவரும் குறைக்கலாகாது என்றும், தம் பொருட்டு அரசியின்மேல் பழி வரலாகாது என்றும் விண்ணப்பித்தார். சுருக்கினால் நாட்டில் இடமில்லை. சுருக்காவிட்டால் வாசலைத் தாண்ட வழியில்லை. உன்மேல் வைத்த விசுவாசமே அவரை இப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது. நேற்று மகளின் கூறைப்புடவையைச் சன்னல் வழியாகக் கொடுத்தனுப்பினார்.

ஆகவே இது தாயின் கட்டளை. இவ்வோலை கொண்டுவரும் குதிரைவீரன் இரண்டு நாளில் உன்னை அடைவான்; இரண்டு நாளில் திரும்பியாக வேண்டும். உன் பெயரைக் குறைக்க நீயே இசைந்தாய் என்பதற்கு, தொட்டிலில் யாம் அழைத்த பெயரை, பூவன் என்று மட்டும், உன் கையால் எழுதி முத்திரையிட்டு அனுப்பு. கோப்புறைக்கும் அப்பெயரே போதும்.

எழுதியது எம் கை. இட்டது எம் அன்ன முத்திரை. ஓலையின் அடியில் மூன்றெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். பட்டங்களுக்கு இடமில்லை.