பத்தாம் நாள் எடுத்த படம்

மார்ச் 4

சோடாபுட்டிக்கு,

உன் உடம்பை விசாரித்துத்தான் எப்போதும் எழுத ஆரம்பிப்பேன். இந்த முறை விசாரிக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் செருப்பு வாங்க நம் பழைய டெர்மினஸுக்குக் கூட்டிப்போனாள். ரயில் நின்றுபோன இடம் இப்போது முழுக்கக் கடைகள். நான் பன்னிரண்டு வருடம் சிக்னல் இழுத்த கேபினில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். மூன்றாம் பிளாட்பாரத்தில் சினிமா தியேட்டர். சரி போகட்டும் என்று நடந்தேன். நீ டிக்கெட் கொடுத்த கூடத்தில் பழைய படங்களைப் பெரிதாக்கிச் சுவர் முழுக்க மாட்டியிருக்கிறார்கள். ஒன்றில், கம்பிக்குப் பின்னால் நீ. டிக்கெட்டை நீட்டுகிறாய், சிரிப்பு வேறு. உன் தலைக்கு மேலே தேதிப் பலகை. நம் வேலைநிறுத்தத்தின் பத்தாம் நாள் அது.

"யாரு மாமா, தெரிஞ்சவரா?" என்றாள் மருமகள்.

"தெரியாதும்மா" என்றேன்.

அந்த நாட்களில் மஞ்சள் காமாலை, அக்கா வீட்டில் படுக்கை என்று சொன்னாயே. உள்ளே யாரோ டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், அது பார்சல் ஆபீஸ்காரர்தான் என்று நாங்களே முடிவு கட்டினோம். போராட்டம் தோற்று என் வேலை போன அன்று, ஸ்டேஷன் வாசலில் எல்லார் முன்னாலும் அவரைச் செருப்பால் அடித்தேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, "போதும்டா, விட்டுடு" என்றாய். அவர் இல்லை, நான் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. முப்பத்தெட்டு வருடமாக வரவில்லை.

பதில் போடு. பொய் எழுதுவதாக இருந்தால் தபால்தலையை வீணாக்காதே.

நெட்டை

மார்ச் 11

அன்பு நெட்டை,

பொய் இல்லை. பத்தாம் நாளிலிருந்து போனேன். அதிகாரி வீட்டுக்கே வந்து, "நாளைக்கு வரலேன்னா குவாட்டர்ஸ காலி பண்ணு" என்றார். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். உனக்குப் பயம் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்று வாசலில் சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் கையில் செருப்பு இருந்தது. பிறகு நாள் ஆக ஆகச் சொல்ல முடியாமலே போயிற்று. ஆனால் ஒன்று, விசாரிக்காமல் அடித்தது நான் இல்லை.

உன் மனைவி இறந்தபோது இரண்டு மாதம் உன் வீட்டிலேயே கிடந்தேன். உனக்குச் சோறு ஊட்டாத குறை. அதெல்லாம் ஒரு படத்தோடு போய்விடுமா?

என்றும் உன்
சோடாபுட்டி

ஏப்ரல் 2

சோடாபுட்டிக்கு,

விசாரிக்காமல் அடித்தவன் நான்தான். அதனால்தான் இப்போது விசாரித்துக்கொண்டு பார்சல் ஆபீஸ்காரர் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. அவர் மனைவி என்னை அடையாளம் கண்டு கதவைப் பாதி சாத்தினார். "யாரு, வரச் சொல்லு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. படத்தைப் பற்றி வாயால்தான் சொன்னேன்.

"தெரியும் தம்பி" என்றார். "பின் கேட்டுல போலீஸ் வண்டியில இருந்து அவர் இறங்குறத அன்னைக்கே பார்த்தேன்."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க அவர உயிரோட விட்டிருக்க மாட்டீங்க. அவர் வீட்டுல புள்ளத்தாச்சி. அவரே வந்து சொல்லுவார்னு நெனச்சேன். ஒரு மாசம் பார்த்தேன். ஒரு வருஷம் பார்த்தேன்."

காலில் விழுந்தேன். எழுந்திருக்கச் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அந்த அம்மா ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. தர வேண்டியதும் இல்லை.

நீ என் வீட்டில் கிடந்த இரண்டு மாதத்தை மறக்கவில்லை. அதை நினைத்தால்தான் ஆத்திரம் இன்னும் பொங்குகிறது. அந்த அறுபது நாளில் ஒரு நாள் சொல்லியிருக்கலாமே.

முகவரியைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவருக்குக் கடிதம் போடாதே. அதை அந்த அம்மாதான் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். நேரில் போ. போய்விட்டு வந்தால் எனக்கு எழுது. அதற்கு முன்னால் உன் கையெழுத்தில் எது வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

நெட்டை