எதை என்று கேட்காத லைப்ரரி

என்னங்க, நலமா? முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை, தேய்த்ததாகச் சொல்கிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை; பள்ளியை விட்டு வந்த பிறகும் இந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

இங்கே நான் கையேடு எழுதும் லைப்ரரியில் புத்தகம் கிடையாது; கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் கணினிகளில், உள்ள டேட்டாபேஸ் என்ற தகவல் கிடங்கிடம் பேசுவதற்கான நிரல்கள்தான். முதல் பதிப்பில் ‘அழி’ என்று மட்டும் எழுதினால் ‘எதை?’ என்று கேட்டு நின்றுவிடும். இரண்டாவது, எச்சரித்துவிட்டு அழித்தது. மூன்றாவது, கேட்பதே இல்லை, அத்தனையையும் அழித்துவிடும். கடையில் போய் “கொடுங்க” என்றால் கடைக்காரர் “என்ன வேணும்?” என்பார். இது கடையையே தூக்கிக் கொடுக்கும். இதற்குப் பெயர் வளர்ச்சியாம்!

கையேட்டில் எச்சரிக்கை எழுதினேன். குழுத் தலைவர், “அவ்வளவு முட்டாள் யாரு டீச்சர் இருக்காங்க?” என்று சிரித்து அதை நீக்கினார். செவ்வாயன்று வாடிக்கையாளர் முன்னால் அந்த மேதையே ‘அழி’ என்று எழுதி, எதை என்று சொல்லாமல் பொத்தானைத் தட்டினார். ஒரு மருத்துவமனையின் முன்பதிவுகள் அத்தனையும் காலி. நகல் இருந்ததால் மாலைக்குள் மீட்டுவிட்டார்கள், கவலைப்படாதீர்கள்.

இப்போது என்னிடம் வந்து, “எச்சரிக்கை எழுத மறந்துட்டேன்னு மேலாளருக்கு ஒரு வரி மெயில் போட்டுடுங்க டீச்சர்” என்கிறார்.

“காப்பியடிச்ச பிள்ளைங்களை நிறையப் பிடிச்சிருக்கேன் தம்பி. தன் தப்பை டீச்சர் நோட்டுல எழுதச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்” என்றேன்.

வெள்ளிக்கிழமை மேலாளர் வரச் சொல்லியிருக்கிறார். வேலை போனாலும் அந்த வரியை எழுதமாட்டேன். கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். எதற்கும், கட்டிலில் என் பக்கம் நீங்கள் குவித்திருக்கும் செய்தித்தாள்களை எடுத்துவிடுங்கள்.