பீச் ஸ்டேஷனில் கடல் இல்லை

இன்று காலையும் திண்டிவனம் ஸ்டேஷன் ஒலிபெருக்கி நம் வீட்டு அடுப்படி வரை வந்து கத்தியது: "சென்னை பீச் வரை செல்லும்..." போட்ட டீயைக் குடிக்கப் பிடிக்காமல் கொட்டிவிட்டேன். பாழாய்ப்போன அந்தப் பெயர்தான் என்னை ஏமாற்றியது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் பொய் சொல்வானேன், எல்லாம் என் வீம்பு.

இனி மருந்து வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன மறுவாரம் கேட்டாய். "மரக்காணம் கடலு பாத்துட்டேன், பாண்டி கடலு பாத்துட்டேன். மெட்ராஸ் கடல்ல ஒரு தபா கால வெச்சிட்டு வந்துடலாம் மாமா." அதுவரை நீ என்னிடம் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

கடைசி ஸ்டேஷன். பலகையில் பீச் என்று கொட்டை எழுத்து. வெளியே வந்தால் லாரிகளும் துறைமுகத்தின் நீள மதிலும்தான். "யாரையாச்சும் கேளேன் மாமா" என்றாய். பட்டிக்காட்டான் என்று எவனாவது சிரித்துவிட்டால்? "எனக்குத் தெரியும், வா" என்று மண்ணடிச் சந்துகளில் இழுத்துக்கொண்டு நடந்தேன். இரும்புக் கடைகள், பழைய மச்சு வீடுகள், எங்கோ அத்தர் வாசம். ஒவ்வொன்றையும் நின்று நின்று பார்த்தாய். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் நின்றாய் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

சுற்றிச் சுற்றி அதே மதிலுக்கு வந்து சேர்ந்தோம். அதில் கையை வைத்துச் சிரித்தாய். "இன்னா மாமா, கடலக் காட்றேன்னு இட்டாந்து செவுத்தக் காட்டிக்கினு நிக்கிற?" என் முகம் போன போக்கைப் பார்த்து, "உடு, அந்தாண்டதான கீது. அடுத்த தபா பாத்துக்கலாம்" என்றாய்.

அந்த மாதமே போய்விட்டாய்.

உன் அஸ்தியை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் அங்கே இறங்கினேன். பூ விற்ற அம்மாவிடம் கேட்டேன். "இங்கியே வேளச்சேரி வண்டி ஏறு நைனா. லைட் ஹவுஸ்ல எறங்கி நடந்தா கடலு" என்றார். அவர் சிரிக்கவில்லை. அரை மணி நேரத்தில் அலை என் காலை நனைத்தது. நீ கால் வைக்க வேண்டிய தண்ணீரில் உன் சாம்பலைக் கரைத்தேன்.

இப்போதெல்லாம் தெரிந்த வழியையும் கேட்கிறேன். நேற்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், முப்பது வருஷமாக ஏறி இறங்கும் இடத்தில், திருவெண்ணெய்நல்லூர் பஸ் எங்கே நிற்கும் என்று ஒருவரைக் கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். பஸ் எதிரிலேயே நின்றது. கேட்கச் சொன்ன நீதான் பக்கத்தில் இல்லை.